‘ரெய்டு’ங்கற ஒரே வார்த்தைக்கு ஒன்றரை மணி நேரம்: திருப்பூர்ல நான் போன ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸ்

மூணு மாசம் முழுசா போயிட்டு வந்த பொறவுதான் எழுதுறேன், பாதியில எழுதுனா அரைகுறையா இருக்கும்னு நிறுத்தி வெச்சிருந்தேன். திருப்பூர் புது பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துல, பெருமாநல்லூர் ரோட்டுல, ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல மாடியில சாயங்காலம் ஏழு மணியில இருந்து எட்டரை வரைக்கும் இந்த கிளாஸ் நடக்குதுங்க. நடத்துறவங்க கவர்மெண்ட் ஸ்கூல்ல இங்கிலீஷ் எடுத்து ரிட்டையர் ஆன டீச்சர். ஒரு பேட்ச்சுக்கு 14 பேருக்கு மேல சேத்த மாட்டாங்க, பேரு போட்டா கூட்டம் வந்துரும் எனக்கு முடியாது கண்ணுன்னு அவங்களே சொல்லிட்டதால பேரு போடல. பெருமாநல்லூர் ரோடு தெரிஞ்சவங்க ரெண்டு பேர்கிட்ட விசாரிச்சா இடம் தெரிஞ்சிரும்.

நான் ஏன் சேந்தேன்னு மொதல்ல சொல்லிடறேன். நான் ஒரு பனியன் கம்பெனியில மெர்ச்சண்டைசிங் செக்‌ஷன்ல இருக்கேன், பையருக்கு, அதாவது எங்ககிட்ட துணி வாங்கற வெளிநாட்டுக் கம்பெனிக்கு, மெயில் போடறது, சாம்பிள் அனுப்பறது, ஷிப்மெண்ட் தேதி பேசறது எல்லாம் நான்தான். பி.காம். தமிழ் மீடியத்துல படிச்சு வந்தவ, மெயில் எழுதி எழுதியே இங்கிலீஷ் பழகிக்கிட்டேன். போன வருசம் ஒரு நாள் ஜி.எஸ்.டி. ஆபீஸ்ல இருந்து நாலு பேர் வந்து ஆபீஸ் ரூம்ல உக்காந்து கணக்குப் பாத்தாங்க, ஃபைல் எடுத்துக் குடுக்கறதுக்கே அன்னைக்கு எல்லாருக்கும் நேரம் சரியாப் போச்சு, சாம்பிள் கொரியர் போகல. நான் ஜெர்மனி பையருக்கு ஒரு லைன்ல மெயில் போட்டேன், ‘டுடே ஜி.எஸ்.டி. ரெய்டு இன் அவர் ஃபேக்டரி, சோ சாம்பிள்ஸ் வில் பி டிலேடு’ன்னு. அவ்வளவுதாங்க. அரை மணி நேரத்துல பதில் வந்துச்சு, யாரையாவது புடிச்சுட்டுப் போயிட்டாங்களா, துணியெல்லாம் சீல் வெச்சுட்டாங்களா, உங்க கம்பெனி மேல என்ன கேசுன்னு. அன்னைக்கு சாயங்காலமே ஆர்டரை ஹோல்டுல போட்டுட்டாங்க. ஆறாயிரம் பீஸ், குழந்தைங்க டீசர்ட்டு, கட்டிங்குக்கு துணி ரெடியா இருந்துச்சு. ஆடிட்டர்கிட்ட லெட்டர் வாங்கி அனுப்பி, முதலாளி ரெண்டு தடவை போன்ல பேசி, நாலு நாள் ஆச்சு சரியாகறதுக்கு. அந்த நாலு நாளும் எனக்கு சோறு எறங்கல. முதலாளி திட்டலைங்க, ‘அம்மணி, அந்த வார்த்தைக்கு அவங்க ஊர்ல என்ன அர்த்தம்னு தெரிஞ்சுக்கிட்டு எழுதோணும்’னு மட்டும் சொன்னாரு, அது திட்டுனதை விட எச்சா மனசுல நின்னுபோச்சு.

நம்ம ஊர்ல ரெய்டுன்னா எதுக்கு வேணா சொல்லுவோமில்லீங்க. ஈ.பி.காரங்க மீட்டர் பாக்க வந்தா ரெய்டு, லேபர் இன்ஸ்பெக்டர் வந்தா ரெய்டு, ஹாஸ்டல்ல வார்டன் ரூமுக்குள்ள வந்தா ரெய்டு, பஸ்சுல செக்கிங் ஏறுனாலும் ரெய்டுதான். ‘ரெய்டு உட்டுட்டாங்க’ன்னு சொல்றப்ப ஆபீசருங்க வந்தாங்கன்னு மட்டும்தான் மனசுல இருக்கும், அதுக்கு மேல அந்த வார்த்தைக்குள்ள என்ன இருக்குன்னு நான் யோசிச்சதே இல்ல. அதுக்கு முன்னாடி போன்ல ஒரு ஆப் போட்டு தினம் அம்பது வார்த்தை மனப்பாடம் பண்ணிட்டு இருந்தேன், அதுல ரெய்டுக்கு ‘திடீர்த் தாக்குதல்’னு ஒரே ஒரு அர்த்தம் போட்டிருந்துச்சு, அதைப் படிச்சும் எனக்கு உறைக்கல. ஆபீசருங்க என்ன தாக்கவா செய்யறாங்க, அது வேற ரெய்டு இது வேற ரெய்டு போலன்னு உட்டுட்டேன்.

கிளாசுல சேந்த மொத நாளே டீச்சர் ஒவ்வொருத்தரையும் ஏன் வந்தீங்கன்னு கேட்டாங்க, நான் இந்த மெயில் கதையைச் சொன்னேன். அவங்க நோட்டுல குறிச்சுக்கிட்டு, இதுக்கு ஒரு நாள் முழுசா வெச்சுக்கலாம் கண்ணுன்னாங்க. சும்மா சொல்றாங்கன்னு நெனச்சேன். மூணாவது வாரம் புதன்கிழமை போனா போர்டுல மூணே மூணு வார்த்தை எழுதி வெச்சிருந்தாங்க. ரைடு, ரோடு, ரெய்டு. மூணும் ஒரே வயித்துப் புள்ளைங்கன்னு சொல்லி ஆரம்பிச்சாங்க.

பழைய இங்கிலீஷ்ல ‘ராட்’னு ஒரு சொல்லு இருந்துச்சாம், குதிரை மேல ஏறிப் போறதுன்னு அர்த்தம். தெக்க இங்கிலாந்துப் பக்கம் அது மாறி மாறி ரோடு ஆயிருச்சு, வடக்க ஸ்காட்லாந்துப் பக்கம் அதே சொல்லு ரெய்டு ஆயிருச்சு. குதிரையில கூட்டமா ஏறிப் போய் அடுத்தவன் எல்லைக்குள்ள பூந்து அடிச்சுட்டு வர்றதுக்குப் பேரு ரெய்டு. ஸ்காட்லாந்துக்கும் இங்கிலாந்துக்கும் நடுவுல இருந்த எல்லைக்காட்டுல ராத்திரியில போய் மாடு ஓட்டிட்டு வர்ற கூட்டங்க இருந்திருக்கு, ரீவர்ஸ்னு பேரு, நூத்துக்கணக்கான வருசமா ரெண்டு பக்கமும் இதே பொழப்பா இருந்திருக்காங்க, 1603-ல ரெண்டு நாட்டுக்கும் ஒரே ராஜா ஆன பொறவுதான் அது அடங்குச்சாம். சாவு வீட்டுக்கு இங்கிலீஷ்ல ‘பெரீவ்டு ஃபேமிலி’ன்னு எழுதறாங்கல்ல, அந்த பெரீவ்டும் இந்த ரீவரும் ஒரே வேர்ல இருந்து வந்ததுதான்னு டீச்சர் சொன்னாங்க, பறிகொடுத்தவங்கன்னு அர்த்தம். இதைக் கேட்டதும் கிளாசே சித்த நேரம் அமைதியா இருந்துச்சு. அனுதாபச் செய்தி டைப் பண்றப்ப எத்தனை தடவை அந்த வார்த்தையை காப்பி பேஸ்ட் பண்ணியிருப்பேன், உள்ள ஒரு பறிப்பு இருக்குன்னு தெரியாது.

அப்புறம் ரெய்டுங்கற சொல்லு புழக்கத்துல இருந்தே போயிருச்சாம். 1805-ல வால்டர் ஸ்காட்டு அந்த எல்லைக்காட்டுக் கதையை நெடுங்கவிதையா எழுதறப்ப அதைத் திருப்பி எடுத்துப் போட்டாரு, அதுக்குப் பொறவுதான் இங்கிலீஷ் பேசற எல்லாரும் புடிச்சுக்கிட்டாங்க. பட்டாளம், போலீசு, வருமான வரின்னு ஏறுனதெல்லாம் அதுக்கு அப்புறம்தான். 1805-ன்னதும் எனக்கு வேற நெனப்பு ஓடுச்சு, அதே வருசம் ஜூலை 31-தான் சங்ககிரியில தீரன் சின்னமலையைத் தூக்குல போட்டது. சென்னிமலைக்கும் சிவன்மலைக்கும் நடுவுல சின்னமலை பறிச்சான்னு போய்ச் சொல்லுன்னு வரிப்பணம் கொண்டுபோனவங்ககிட்ட சொன்னதா நம்ம பக்கம் கதை சொல்லுவாங்கல்ல, அதை நான் கிளாசுல சொன்னேன், அப்ப அது ரெய்டா டீச்சர்னு கேட்டேன். அவங்க சித்த யோசிச்சுட்டு, வழியில போறவனை மறிச்சு வாங்குனா அது ரெய்டு இல்ல கண்ணு, ரெய்டுன்னா நாம அடுத்தவன் எடத்துக்குப் போகோணும், ஒளிஞ்சு நின்னு மறிச்சா அது ஆம்புஷ், அதுக்குள்ளயே புதர்ங்கற ‘புஷ்’ இருக்கு பாருன்னாங்க. எனக்கு அந்த ஒரு பதில்லயே கட்டுன ஃபீஸ் திரும்பி வந்துருச்சுங்க.

இங்கதான் டீச்சர் தமிழுக்கு வந்தாங்க, இந்த கிளாசுல எனக்கு ரொம்பப் புடிச்சது இதுதான். இங்கிலீஷ் சொல்லிக் குடுக்கறோம்னு தமிழ்ல வாயைத் தொறக்காதீங்கன்னு சொல்ற எடத்துக்கெல்லாம் நான் போயிருக்கேன், இவங்க அப்படி இல்ல. மாடு ஓட்டிட்டு வர்றதுக்குத் தமிழ்ல ஒரு திணையே இருக்கு, வெட்சின்னாங்க. ஸ்கூல்ல வெட்சி கரந்தைன்னு மனப்பாடம் பண்ணி ரெண்டு மார்க் வாங்குனதோட சரி, அது நெசமாவே ராத்திரியில போய் எதிரி ஊரு மாட்டை ஓட்டிட்டு வர்றதுன்னு நான் கண்ணுல பாத்ததில்ல. தொல்காப்பியத்துல ‘ஆ தந்து ஓம்பல்’னு வருது, மாட்டைக் கொண்டு வந்து அதைப் பாதுகாக்கோணும்னு. அதை டீச்சர் ரெண்டு தடவை சொன்னாங்க, பாருங்க, ஓட்டிட்டு வந்தா மட்டும் போதாது, தண்ணி காட்டோணும், புல்லு போடோணும், வழியில அடிச்சுத் துன்பப்படுத்தக் கூடாது, அதுவரைக்கும் சேத்துத்தான் நம்ம ஆளுங்க அதை ஒரு வேலையா நெனச்சிருக்காங்கன்னு. தொல்காப்பியத்துல ஓட்டறதும் மீட்கறதும் வெட்சிக்குள்ளயே வந்துருது, பின்னாடி வந்தவங்கதான் மீட்கறதைத் தனியாப் பிரிச்சுக் கரந்தைன்னு வெச்சாங்க.

கட்டுத்தறியில ரெண்டு காங்கேயம் மாட்டோட வளந்தவளுக்கு இதைக் கேட்டா எப்படி இருக்கும்னு சொல்லோணுமா. எங்க அப்பாரு கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்கு என்னைச் சின்னதுல கூட்டிட்டுப் போனது, அங்க ஒருத்தரு காளையோட திமிலைத் தடவிப் பாத்துட்டே வெலை பேசுனது, எல்லாம் ஞாபகம் வந்துருச்சு. அந்தக் காலத்துல பணம்னா மாடுதானுங்க, மாட்டை ஓட்டிட்டுப் போனா பேங்க்கை கொள்ளையடிச்ச மாதிரி. அதனாலதான் மாட்டை மீட்கப் போய்ச் செத்தவனுக்குக் கல்லு நட்டுக் கும்பிட்டிருக்காங்க. தர்மபுரி, செங்கம் பக்கமெல்லாம் அப்படிப்பட்ட நடுகல் நிறைய, அதுல மாட்டு மந்தையைத் ‘தொறு’ன்னு வெட்டியிருக்கும். தொறு மீட்டுப் பட்டான்னா மாட்டை மீட்டுட்டு உசுரை உட்டான்னு அர்த்தம். செங்கம் பக்கம் எடுத்தனூர்ல ஒரு கல்லு, மகேந்திரவர்மன் காலத்தது, 7-ஆம் நூற்றாண்டு, அதுல வீரனோட அவன் நாயையும் செதுக்கி, கோவிவன்னு அந்த நாயோட பேரையும், அது கள்ளனுங்க ரெண்டு பேரைக் கடிச்சுக் காத்து நின்னதையும் எழுதி வெச்சிருக்காங்க. ஆயிரத்து முன்னூறு வருசத்துக்கு மேல ஆயும் ஒரு நாயோட பேரு அழியாம இருக்குது. எங்க அம்மாயி ஊர்ல இருக்கறது புலிகுத்திக் கல்லு, பட்டிக்கு வந்த புலியை ஈட்டியில குத்துறவன் சிலை, அதுக்கு வருசா வருசம் நோம்பிக்குப் பொங்க வெப்பாங்க, நானும் எண்ணெய் ஊத்தியிருக்கேன். அன்னைக்கு ராத்திரி ஊட்டுக்கு வந்து அம்மாயிக்கு போன் பண்ணி அந்தக் கல்லைப் பத்தித்தான் பேசுனேன்.

எங்க பேட்ச்சுல குண்டடத்துல இருந்து ஒரு பையன், பவர் டேபிள்ங்கற தையல் யூனிட்டுல கைமடிச்சுட்டு இருக்கறவன், லீவு நாள்ல கபடி ஆடுவான். டீச்சர் அவனைக் கூப்புட்டு, ரெய்டுன்னா என்ன சாமின்னு கேட்டாங்க. அவன் வெக்கப்பட்டுட்டு நின்னான், அப்புறம் சாக்பீஸ் வாங்கி அந்தச் சிவப்பு சிமெண்ட் தரையில நடுக்கோடு ஒண்ணு, பாக் லைன் ஒண்ணு, போனஸ் லைன் ஒண்ணு இழுத்தான். பெஞ்சை ஒதுக்கி வெச்சுட்டு நாங்க ஆறேழு பேரு எதிர்ல நின்னோம், நான் சேலையை இழுத்துச் சொருகிட்டு கடைசியில நின்னேன். அவன் கோட்டைத் தொட்டுக் கும்பிட்டுட்டு கபடி கபடின்னு மூச்சு உடாம உள்ள வந்தான், ஒரு காலை நீட்டி என் பக்கத்துல நின்ன அக்காவோட முட்டியைத் தொட்டான், தொட்ட நொடியே திரும்பிப் பாஞ்சு நடுக்கோட்டைத் தாண்டி விழுந்து மூச்சு உட்டான். முப்பது செகண்டுக்குள்ள பாடி முடிச்சுட்டு கோட்டுக்கு வந்துரோணும், வரலைன்னா அவுட்டு. ரெண்டு ரெய்டு சும்மா திரும்புனா மூணாவது ரெய்டுல பாயிண்ட் எடுத்தே ஆகோணும், இல்லைன்னாலும் அவுட்டு. டீச்சர் தரையில கெடந்த அந்தக் கோட்டைக் காட்டி, பாத்தீங்களா, ரெய்டோட முக்கியமே திரும்பி வர்றதுதான்னாங்க.

அந்த எடத்துலதான் எனக்கு எல்லாம் புடிபட்டுச்சு. ஆப்புல போட்டிருந்த திடீர்த் தாக்குதல்ங்கறது தப்பில்ல, ஆனா பாதிதான் இருந்துச்சு. ரெய்டுக்கு மூணும் வேணும். சொல்லாம போகோணும், அடுத்தவன் எடத்துக்குள்ள பூந்து எதையாவது எடுக்கோணும் இல்ல அடிக்கோணும், சீக்கிரமா திரும்பிரோணும். போய் அங்கயே உக்காந்துக்கிட்டா அது இன்வேஷன், நம்ம படையெடுப்பு. வெளிய சுத்தி நின்னு மறிச்சா சீஜ், முற்றுகை. ஃபோரேன்னு ஒண்ணு இருக்கு, அதுவும் சின்ன ரெய்டு மாதிரிதான், அது தீவனத்துக்கு அலையறதுங்கற ஃபோரேஜோட ஒட்டுன சொல்லு, இப்ப யாராவது பழக்கமில்லாத வேலையில கால் வெச்சுப் பாத்தாக்கூட அதைத்தான் போடறாங்க. பிளிட்ஸ் ஜெர்மன் பாசையில மின்னல், 1940-ல லண்டன்ல குண்டு போட்டதுல இருந்து ஒட்டிக்கிட்டது. இதையெல்லாம் டீச்சர் வேகமா சொல்லிட்டுப் போயிட்டாங்க, ஆனா திரும்பி வர்றதுங்கற அந்த ஒண்ணைப் புடிச்சுக்கிட்டா மத்த வார்த்தையெல்லாம் தானா தள்ளி நின்னுக்குது.

குண்டுன்னதும் எம்டன் கதை வந்துச்சு. 1914 செப்டம்பர் 22 ராத்திரி எம்டன்னு ஒரு ஜெர்மன் கப்பல் மெட்ராஸ் கடற்கரையில வந்து நின்னு எண்ணெய் டாங்கு மேல குண்டு போட்டுத் தீ வெச்சுட்டு, அந்த ராத்திரியே இருட்டுல போயிருச்சு. டீச்சர் சொன்ன மூணும் அதுல இருக்குது. அந்தக் கப்பல் வியாபாரக் கப்பல்களைத் தேடித் தேடி அடிச்சதால அதை இங்கிலீஷ்ல ரெய்டர்னு எழுதறாங்களாம். எங்க ஊட்டுல ஆராவது விவகாரம் புடிச்ச ஆளைப் பாத்தா அவன் பெரிய எம்டன்னு சொல்லுவாங்க, அது கப்பல் பேருன்னு எனக்கு அன்னைக்குத்தான் தெரியும்.

அடுத்த நாளு என் மெயில் கதைக்கு வந்தாங்க. டீச்சர் கேட்டாங்க, அன்னைக்கு வந்தவங்க சொல்லாம வந்தாங்களான்னு. நான் ஆபீஸ்ல பழைய ஃபைலை எடுத்துப் பாத்தேன், என் டேபிள்லயே கெடந்துச்சு நோட்டீசு, மூணு வாரத்துக்கு முன்னாடியே வந்தது. எங்க ஆடிட்டரய்யாகிட்ட கேட்டேன், அவரு பொறுமையா உக்காந்து சொன்னாரு. அது ஜி.எஸ்.டி. சட்டத்துல 65-வது பிரிவுப்படி நடக்கற ஆடிட்டு, அதுக்குக் கொறஞ்சது 15 வேலை நாளுக்கு முன்னாடி நோட்டீசு குடுத்தே ஆகோணும். சொல்லாம வந்து சோதனை போட்டு எடுத்துட்டுப் போறது வேற, அது 67-வது பிரிவு. வருமான வரியிலயும் அப்படித்தான், 2026 மார்ச் வரைக்கும் இருந்த 1961 சட்டத்துல 132-வது பிரிவு சர்ச் அண்டு சீஷர், அதாவது சோதனை போட்டுப் பறிமுதல் பண்றது, அதைத்தான் பேப்பர்ல ரெய்டுன்னு போடறாங்க, ஊட்டுக்குள்ளயும் வரலாம், நகையும் பணமும் எடுத்துட்டுப் போகலாம். அதே சட்டத்துல 133ஏ சர்வே, அது யாவாரம் நடக்கற எடத்துக்குத்தான், யாவாரம் நடக்கற நேரத்துலதான் உள்ள வரோணும். இதையெல்லாம் சொல்லிட்டு, அந்தப் பிரிவுகள்ல எதுலயும் தலைப்புல ரெய்டுங்கற வார்த்தையே கெடையாதும்மா, அது பேச்சு வழக்குன்னாரு. பதினஞ்சு வேலை நாளுக்கு முன்னாடி சொல்லிட்டு வர்றவங்களை நான் ரெய்டுன்னு எழுதியிருக்கேன், ஜெர்மனியில உக்காந்திருக்கறவங்க நள்ளிரவுல பூட்டை ஒடைச்சுட்டு வந்த மாதிரி நெனச்சிருப்பாங்க, அவங்க பயந்ததுல தப்பே இல்ல.

பனியன் கம்பெனியில வேலை பாக்கற ஆளுங்க யாராவது இதைப் படிச்சீங்கன்னா ஒண்ணு மட்டும் சொல்றேன். பையர் ஆளுங்க ஃபேக்டரி பாக்க வர்றது ஆடிட்டு, இல்லைன்னா இன்ஸ்பெக்‌ஷன், கணக்குப் பாக்க நோட்டீசு குடுத்து வர்றது ஆடிட்டு, பொல்யூஷன் போர்டுல இருந்து டையிங்கை, அதாவது சாயப்பட்டறையைப் பாக்க வர்றதும் இன்ஸ்பெக்‌ஷன்தான். ரெய்டுன்னு எழுதிட்டா அடுத்த கேள்வி என்ன தப்புப் பண்ணுனீங்கன்னுதான் வரும். எழுத வேண்டிய நேரம் வந்தா ‘ரெய்டு ஆன்’தான் வரும், ‘ரெய்டு இன்’ இல்ல. வினையா எழுதுனா நடுவுல ஒண்ணுமே வேண்டாம், போலீஸ் ரெய்டடு த குடோன், அவ்வளவுதான். நாம தமிழ்ல குடோன்ல ரெய்டுன்னு சொல்றதால அந்த ‘ல’ கூடவே ஒட்டிக்கிட்டு வந்து ‘இன்’ ஆயிருது, எங்க பேட்ச்சுல 14 பேருல 12 பேரு ‘இன்’தான் போட்டோம். உச்சரிப்பும் அப்படித்தான், நம்மள்ல பாதிப்பேரு ரைடுன்னு சொல்றோம், பைக்கு ரைடு போன மாதிரி கேக்குது.

கோயமுத்தூர் பக்கம் தடாகம்ங்கற ஊர்ல இருந்து வர்ற ஒரு அண்ணன் இருந்தாரு, தோட்டத்துல வாழை போட்டிருக்காரு. இங்கிலீஷ் பேப்பர்ல யானை தோட்டத்துக்கு வந்தா ‘கிராப் ரெய்டிங்’னு போடறாங்களே, அது சரியான்னு கேட்டாரு. டீச்சர் சரிதான்னாங்க, ராத்திரி வருது, தின்னுட்டு விடியறதுக்குள்ள காட்டுக்குத் திரும்பிருதில்லன்னு. அந்த அண்ணன் ஒத்துக்கல. நாங்க ஆனை எறங்கிருச்சுன்னுதான் சொல்லுவோம், ரெய்டுன்னா அது எங்க எடத்துக்குக் கொள்ளையடிக்க வந்த மாதிரி ஆகுது, அது நடந்த பாதையில நாங்க வாழை வெச்சிருக்கோம்னாரு. 2019-ல சின்னத்தம்பிங்கற ஆனையைப் புடிச்சு டாப்சிலிப் காட்டுல கொண்டுபோய் உட்டப்ப அது மறுபடி காட்டை உட்டு ஊருப்பக்கம் நடந்து வந்துச்சே, அதை எப்படிங்க ரெய்டுன்னு சொல்றதுன்னு கேட்டாரு. வாழை போயி நட்டப்பட்டவரு அவரு, அவரே அப்படிச் சொன்னாரு. டீச்சர் மறுக்கல, அந்த இங்கிலீஷ் வார்த்தை அந்தப் பக்கத்துல நின்னு பாக்குது, நம்ம எறங்கிருச்சு இந்தப் பக்கத்துல நின்னு பாக்குதுன்னு போர்டுல ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல எழுதுனாங்க. எனக்கு இப்பவும் அண்ணன் சொன்னதுதான் சரின்னு தோணுது.

கேமரா மாட்டற தம்பி ஒருத்தன் சிசிடிவி டப்பாவுல ரெய்டுன்னு இருக்கேன்னு கேட்டான், அது வேற, பல ஹார்டு டிஸ்க்கைச் சேத்து வேலை வாங்கற முறைக்கு மொத எழுத்துங்களைக் கோத்து வெச்ச பேரு, 1988-ல வந்தது, குதிரைக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. ஒரு காலேஜ் பொண்ணு, லைவ் போடறவங்க அவங்க லைவ் முடிஞ்சதும் பாத்துட்டு இருந்த கூட்டத்தை அப்படியே இன்னொருத்தர் சேனலுக்குத் தாட்டி உடறதும் ரெய்டுதான்னு சொல்லுச்சு, அதுல எடுக்கறது ஒண்ணும் இல்ல, போய் கூட்டம் சேத்துட்டு வாழ்த்திட்டு வர்றாங்க. டீச்சருக்கே அது புதுசு, நோட்டுல எழுதிக்கிட்டாங்க. அறுபது வயசுக்கு மேல ஆனவங்க ஒரு சின்னப் பொண்ணு சொன்னதை நோட்டுல எழுதிக்கறதை நான் வேற எந்த கிளாசுலயும் பாக்கல.

இனி கொறைங்க. ரூம் சின்னது, மேல ஷீட்டு, ஏப்ரல் மே மாசத்துல ரெண்டு ஃபேன் ஓடியும் வேர்த்து ஊத்துது. குடுக்கற நோட்சு ஜெராக்சுக்கு ஜெராக்சு, சில பக்கம் எழுத்தே தெரியல. ஏழு மணிங்கறது ஷிப்டு முடிஞ்சு ஏழரைக்கு வெளிய வர்ற பொண்ணுங்களுக்கு ஒத்துவராது, என் கூட வேலை பாக்கற ரெண்டு பேரு அதனாலயே சேர முடியல, ஞாயித்துக்கிழமை காலையில ஒரு பேட்ச்சு போடுங்கன்னு கேட்டிருக்கோம், இன்னும் பதில் இல்ல. பேச்சுப் பயிற்சி இன்னும் எச்சா வேணும், ஒரு வார்த்தையில உள்ள போனா டீச்சரு வெளிய வர மாட்டாங்க, அதனால நாம வாயைத் தொறந்து பேசற நேரம் கொறைஞ்சு போயிருது. ரெண்டு மாசத்துல இண்டர்வியூ இருக்கு, சடசடன்னு பேசிப் பழகோணும்ங்கறவங்களுக்கு இந்த எடம் சரிப்படாது, நேராவே சொல்லிடறேன். ஃபீஸ் மூணு மாசத்துக்கு 4500, மொதல்ல பாதி, அடுத்த மாசம் மீதி. தனியா புஸ்தகம் வாங்கச் சொல்ல மாட்டாங்க.

என்னைய மாதிரி மெயில்லயே பொழப்பு ஓடறவங்களுக்கு, ஒரு வார்த்தை தப்பாப் போனா என்ன ஆகும்னு அனுபவிச்சவங்களுக்கு, நான் கண்ணை மூடிட்டுச் சொல்லுவேன் போங்கன்னு. போன மாசம் மறுபடி நோட்டீசு வந்து ஆபீசருங்க வந்தாங்க. இந்தத் தடவை நான் ஒரு வாரத்துக்கு முன்னாடியே அதே ஜெர்மனி பையருக்கு எழுதிட்டேன், ஷெட்யூல்டு டேக்ஸ் ஆடிட், ரெண்டு நாளு, சாம்பிளை அதுக்கு முன்னாடியே அனுப்பிடறோம்னு. நோட்டடு, தேங்க்சுன்னு ஒரு வரியில பதில் வந்துச்சு, அதை பிரிண்ட் எடுத்துட்டுப் போய் டீச்சர்கிட்ட காட்டுனேன்.

புது பேட்ச்சு ஒவ்வொரு மாசமும் மொத திங்கக்கிழமை. வண்டி நிறுத்த எடம் கெடையாது, ஜெராக்ஸ் கடைக்காரர்கிட்ட சொல்லிட்டு ஓரமா நிறுத்துங்க. மாடிப்படியில ஒரு பக்கம் கைப்பிடி ஆடுது, ராத்திரியில எறங்கறப்ப லைட்டும் பத்தாது, வயசானவங்க கூட வந்தா கையைப் புடிச்சுக் கூட்டிட்டு எறங்குங்க.